சேர்க்காதவர்களும் சேவை செய்தவர்களும்: அமெரிக்கச் சோராரிட்டிகளின் இருவேறு வரலாறு

2020 ஆகஸ்டில் கமலா ஹாரிஸ் துணை அதிபர் வேட்பாளராக அறிவிக்கப்பட்டதும், அவருடைய தாய்வழிப் பாட்டனாரின் ஊரான துளசேந்திரபுரத்தில் பதாகைகள் எழுந்தன. நம் ஊடகங்கள் அந்த மன்னார்குடிப் பக்கத்துக் கிராமத்தையே சுற்றிச்சுற்றி வந்தன. அதே நாட்களில் அமெரிக்காவில் தேர்தல் நிதிக்கு விநோதமான ஒரு தொகை மீண்டும் மீண்டும் வந்து விழுந்துகொண்டிருந்தது: 19 டாலர் 8 சென்ட். இருபது டாலராகக் கொடுக்காமல் இப்படிச் சில்லறை எண்ணிக் கொடுத்தவர்கள், ஹாரிஸ் ஹோவார்டு பல்கலைக்கழகத்தில் படித்தபோது 1986இல் சேர்ந்த ஆல்ஃபா கப்பா ஆல்ஃபா என்ற சோராரிட்டியின் உறுப்பினர்கள். அந்த அமைப்பு 1908இல் தொடங்கப்பட்டது என்பதைத்தான் 19.08 என்ற தொகை சொல்லியது. கல்லூரி நாட்களில் சேர்ந்த ஒரு மாணவியர் சங்கத்தின் பிறந்த ஆண்டை ஐம்பது, அறுபது வயதுப் பெண்கள் எதற்காக இவ்வளவு பொருட்படுத்துகிறார்கள் என்ற கேள்விக்கு விடை தேடினால், அமெரிக்கக் கல்லூரிகளில் யார் யாரைச் சேர்த்துக்கொண்டார்கள், யார் யாருக்குத் தொண்டு செய்தார்கள் என்ற நீண்ட வரலாற்றுக்குள் போக வேண்டியிருக்கிறது.

சோராரிட்டி என்பது மாணவியர் விடுதியும் அல்ல, நம் கல்லூரிகளில் உள்ள மாணவர் மன்றமும் அல்ல. கிரேக்க எழுத்துகள் இரண்டையோ மூன்றையோ பெயராகக் கொண்டு, இரகசியச் சடங்குடன் உறுப்பினர்களைச் சேர்த்து, அவர்களை ஒருவருக்கொருவர் சகோதரிகள் என்று அறிவிக்கிற, நாடு முழுவதும் கிளைகளைக் கொண்ட ஓர் அமைப்பு அது. இதன் முன்னோடிகளுள் ஒன்று ஜார்ஜியா மாநிலத்தின் மேக்கன் நகரிலிருந்த பெண்கள் கல்லூரியில் 1851இல் இரகசியச் சங்கமாகத் தோன்றியது. ஆண்களும் பெண்களும் சேர்ந்து படித்த கல்லூரிகளுக்கு இந்த வழக்கம் 1867க்குப் பின் பரவியது. வகுப்பில் விரல்விட்டு எண்ணக்கூடிய அளவில் இருந்த பெண்கள், தங்களைச் சேர்த்துக்கொள்ளாத ஆண்களின் சங்கங்களைப் பார்த்துத் தங்களுக்கென ஒன்றை அமைத்துக்கொண்டார்கள். ‘சோராரிட்டி’ என்ற சொல்லே சிராக்யூஸ் பல்கலைக்கழகத்தின் இலத்தீன் பேராசிரியர் ஒருவர், அங்கே 1874இல் தொடங்கிய காமா ஃபை பீட்டா சங்கத்துக்காக உருவாக்கிக் கொடுத்ததுதான்.

ஒதுக்கப்பட்டவர்கள் தொடங்கிய சங்கங்கள் ஒரு தலைமுறைக்குள்ளேயே ஒதுக்குபவையாகவும் மாறின. வெள்ளையினத்தவர், கிறித்தவர் என்ற நிபந்தனை சிலவற்றின் சட்டதிட்டங்களில் எழுதப்பட்டிருந்தது. மற்றவற்றில் எழுத வேண்டிய தேவையே எழவில்லை. யூத மாணவியர் 1909இல் நியூயார்க்கின் பர்னார்டு கல்லூரியில் ஆல்ஃபா எப்சிலன் ஃபையைத் தொடங்கினார்கள்; கத்தோலிக்க மாணவியர் 1912இல் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் தீட்டா ஃபை ஆல்ஃபாவைத் தொடங்கினார்கள். கதவடைக்கப்பட்டவர்கள் தமக்கென ஒரு வீடு கட்டிக்கொள்வது என்ற இந்த வரிசையில்தான் கறுப்பினப் பெண்களின் சோராரிட்டிகளையும் வழக்கமாக வைத்துப் பேசுகிறார்கள். அது முழு உண்மை என்று எனக்குத் தோன்றவில்லை. முதல் மூன்று கறுப்பினச் சோராரிட்டிகளும் பிறந்த இடம் வாஷிங்டனின் ஹோவார்டு பல்கலைக்கழகம். உள்நாட்டுப் போருக்குப் பின் 1867இல் நிறுவப்பட்ட, கறுப்பின மாணவர்கள் நிறைந்த வளாகம் அது. அங்கே அவர்களை ஒதுக்க வெள்ளை மாணவியர் இல்லை. வளாகத்துக்கு வெளியே இருந்த நாடு முழுவதும்தான் அவர்களை ஒதுக்கியிருந்தது. எனவே அவர்களுடைய சங்கத்தின் பார்வையும் தொடக்கம் முதலே வெளியே திரும்பியிருந்தது.

1908 ஜனவரி 15 அன்று எத்தல் ஹெட்ஜ்மன் என்ற மாணவியின் முயற்சியால் ஆல்ஃபா கப்பா ஆல்ஃபா உருவானது. ஐந்தாண்டுக்குள் அதற்குள்ளேயே ஒரு பிளவு நேர்ந்தது. பெயரையும் நிறங்களையும் நோக்கத்தையும் மாற்ற வேண்டும் என்று அன்றைய மாணவ உறுப்பினர்கள் 22 பேர் விரும்ப, முன்பே படித்து முடித்த நெல்லி குவாண்டர் அதை ஏற்காமல், பழைய அமைப்பைச் சட்டப்படி பதிவு செய்து நிலைநிறுத்தினார். பிரிந்துபோன 22 பேரும் 1913 ஜனவரி 13 அன்று டெல்டா சிக்மா தீட்டாவைத் தொடங்கினார்கள்.

ஏழே வாரங்களில், மார்ச் 3 அன்று, பெண்களின் வாக்குரிமை கேட்டு வாஷிங்டனில் நடந்த பேரணியில் அந்த மாணவியர் தங்கள் பதாகையுடன் நடந்தார்கள். மறுநாள் உட்ரோ வில்சன் அதிபராகப் பதவியேற்க இருந்தார். ஊர் நிறையக் கூட்டம். தென்மாநில வெள்ளைப் பெண்கள் மனம் கோணுவார்களே என்று பேரணியின் அமைப்பாளர்கள் கறுப்பினப் பெண்களைப் பின்வரிசைக்குத் தள்ளப் பார்த்த நாள் அது. இதழாளர் ஐடா பி. வெல்ஸ் அதற்கு இணங்காமல், வழியோரக் கூட்டத்திலிருந்து வெளிப்பட்டுத் தம் இல்லினாய் மாநிலக் குழுவுடனேயே சேர்ந்து நடந்தது பலரும் அறிந்த செய்தி. டெல்டா மாணவியருடன் கறுப்பினப் பெண்ணுரிமைத் தலைவர் மேரி சர்ச் டெரல் நடந்தார். சங்கம் தொடங்கியதும் விருந்து வைக்காமல் தெருவில் இறங்கியதே தங்கள் முதல் பொதுச்செயல் என்று டெல்டா உறுப்பினர்கள் இன்றும் சொல்லிக்கொள்கிறார்கள். அந்தப் பெருமையில் பழைய சங்கத்தின் மீது ஒரு சின்னக் குத்தலும் உண்டு.

மூன்றாவதான சீட்டா ஃபை பீட்டா 1920இல் ஹோவார்டிலேயே தோன்றியது. நான்காவதான சிக்மா காமா ரோவின் பிறப்பு வேறு வகையானது. 1922 நவம்பரில் இண்டியானாபோலிசில், வெள்ளையர் பெரும்பான்மையாக இருந்த பட்லர் கல்லூரியைச் சார்ந்து, ஏழு பள்ளி ஆசிரியைகள் அதைத் தொடங்கினார்கள். வெள்ளை இனவெறி அமைப்பான கூ கிளக்ஸ் கிளான் இண்டியானா மாநில அரசியலையே கைக்குள் கொண்டுவந்துகொண்டிருந்த காலம் அது என்பதை நினைவில் வைத்துக்கொண்டால்தான் அந்த ஏழு பேரின் துணிச்சல் விளங்கும். இந்த நான்கும், ஆண்களின் ஐந்து சங்கங்களும் சேர்ந்ததே இன்று ‘டிவைன் நைன்’ என்று செல்லமாக அழைக்கப்படும் கூட்டமைப்பு.

இவர்களுடைய தொண்டு எப்படிப்பட்டது என்று அறிய ஒரே ஒரு நிகழ்வைச் சற்று அருகில் போய்ப் பார்க்கலாம். மிசிசிப்பியில் பிறந்து, கலிஃபோர்னியாவின் ஓக்லாண்டில் ஆசிரியராகப் பணியாற்றிய ஐடா லூயிஸ் ஜாக்சன், ஆல்ஃபா கப்பா ஆல்ஃபாவின் தலைவராக இருந்தபோது, 1934 கோடையில் மிசிசிப்பியின் லெக்சிங்டனில் கிராமப்புற ஆசிரியர்களுக்கு ஒரு பயிற்சிப் பள்ளி நடத்தினார். போன இடத்தில் தெரிந்தது வேறு: பருத்தித் தோட்டங்களில் விளைச்சலில் ஒரு பங்குக்குப் பயிரிட்டு வாழ்ந்த குடும்பங்களின் பிள்ளைகள் பாடத்தைக் கவனிக்கும் உடல்நிலையில் இல்லை. மறு ஆண்டு மருத்துவர் டோரதி போல்டிங் ஃபெரபியின் தலைமையில் ஒரு மருத்துவக் குழு வாஷிங்டனிலிருந்து கார்களில் புறப்பட்டது. உள்ளூரில் நிலையான மருத்துவ முகாம்கள் அமைத்து மக்களை வரவழைப்பது என்பதுதான் திட்டம். தோட்ட முதலாளிகள் ஆட்களை அனுப்ப மறுத்துவிட்டார்கள். வேலை கெடும் என்பது சொல்லப்பட்ட காரணம். வடக்கிலிருந்து வந்திருக்கும் படித்த கறுப்பினப் பெண்கள் தங்கள் ஆட்களிடம் என்ன பேசுவார்களோ என்பது சொல்லப்படாத காரணம்.

குழுவினர் திரும்பிப் போய்விடவில்லை. மருந்துப் பெட்டிகளைக் காரில் ஏற்றிக்கொண்டு தோட்டம் தோட்டமாக அவர்களே போனார்கள், காரே மருத்துவமனையானது. மரத்தடியிலும் தேவாலயக் கூடத்திலும் வரிசை கட்டி நின்ற குழந்தைகளுக்கு அம்மைக்கும் தொண்டை அடைப்பானுக்கும் தடுப்பூசி போட்டார்கள், பற்களைப் பார்த்தார்கள், என்ன சாப்பிட வேண்டும் என்று தாய்மாருக்கு எடுத்துச் சொன்னார்கள். இடுப்பில் துப்பாக்கியோடு குதிரையில் சுற்றிவந்த தோட்ட மேற்பார்வையாளர்கள் காது கொடுத்துக்கொண்டு நின்றதை ஃபெரபி பின்னாளில் நினைவுகூர்ந்திருக்கிறார். ஒவ்வொரு கோடையிலும் சில வாரங்கள் என்று தொடர்ந்த அந்தப் பணி, போர்க்காலத்தில் பெட்ரோலுக்கும் டயருக்கும் பங்கீடு வந்த பிறகு 1942இல் நின்றது. செலவு, உறுப்பினர்களின் சந்தாவும் நன்கொடையும். அவர்களில் பெரும்பாலோர் பள்ளி ஆசிரியைகள் என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

மருத்துவமனை வெள்ளையருக்கானதாகவும் நூலகம் வெள்ளையருக்கானதாகவும் இருந்த தென்மாநிலங்களில், இப்படிப்பட்ட சங்கங்கள் அரசு செய்ய மறுத்ததைச் செய்துவந்தன. டெல்டா 1937இல் நூலகத் திட்டம் ஒன்றைத் தொடங்கிப் புத்தகங்களைக் கிராமங்களுக்குக் கொண்டுபோனது. சீட்டா ஃபை பீட்டா 1972 முதல் ‘மார்ச் ஆஃப் டைம்ஸ்’ என்ற தாய்சேய் நல அமைப்புடன் சேர்ந்து நடத்திவரும் ‘நாரைக் கூடு’ திட்டம் எனக்கு மிகவும் பிடித்தது. ஏழைக் கர்ப்பிணி ஒருவர் மருத்துவப் பரிசோதனைக்கு ஒழுங்காகப் போனால் புள்ளி. பயிற்சி வகுப்புக்கு வந்தால் புள்ளி. சேர்ந்த புள்ளிகளைக் கொடுத்துத் தொட்டிலோ குழந்தைத் துணியோ வாங்கிக்கொள்ளலாம். தானம் வாங்கினோம் என்ற கூச்சம் தாய்க்கு இல்லாமல் போகிறது.

வெள்ளையினச் சோராரிட்டிகள் தொண்டே செய்யவில்லை என்று சொன்னால் அது அநியாயம். பை பீட்டா ஃபை 1912இல் டென்னசியின் மலைக்கிராமமான கேட்லின்பர்க்கில் ஒரு பள்ளியைத் தொடங்கி நடத்தியது. இன்று அது பெயர்பெற்ற கைவினைக் கலைப்பள்ளியாக நிற்கிறது. ‘ட்ரை டெல்டா’ என்ற இன்னொரு வெள்ளையினச் சங்கத்தினர் புனித யூதா குழந்தைகள் மருத்துவமனைக்குத் திரட்டிக் கொடுக்கும் நிதி பெருந்தொகை. ஆனால் பொதுவாக அங்கே தொண்டு என்பது நிதி திரட்டுவது: ஓட்டப்பந்தயம், விருந்து, ஏலம், காசோலை. சங்கத்தின் மையம் நட்பும் சமூகத் தொடர்பும். தொண்டு அதனுடன் சேர்த்து வைக்கப்பட்ட நல்ல காரியம். கறுப்பினச் சோராரிட்டிகளில் மையமே வேறு என்பதற்கு இன்னொரு அடையாளம், பட்டம் பெற்ற பிறகும் உறுப்பினராகத் தொடர்வது. ஊர்தோறும் பட்டதாரிக் கிளைகள் உண்டு. நாற்பது வயதில் புதிதாகச் சேர்பவர்களும் உண்டு. வாக்காளர் பதிவு, உதவித்தொகை, பள்ளிப் பிள்ளைகளுக்கு வழிகாட்டல் என்று வேலைகள் பெரும்பாலும் அந்தக் கிளைகளில்தான் நடக்கின்றன. வெள்ளைச் சங்கங்களிலும் பழைய மாணவியருக்குப் பெரும் செல்வாக்கு உண்டு. அந்தச் செல்வாக்கு அங்கே எதற்குப் பயன்பட்டது என்பதில்தான் சிக்கல்.

இரண்டாம் உலகப் போருக்குப் பின் இனத்தடை விதிகளுக்கு எதிராகக் கல்லூரிகளிலேயே எதிர்ப்பு எழுந்தது. நியூயார்க் மாநிலப் பல்கலைக்கழகம் 1953இல் தன் கல்லூரிகளின் மாணவர் சங்கங்கள் இன, மத வேறுபாடு காட்டக் கூடாது, தேசிய அமைப்புகளுடன் இணைந்திருக்கவும் கூடாது என்று அறிவித்தது. வழக்குக்குப் போனவர்கள் தோற்றார்கள். 1956இல் வெள்ளையினச் சோராரிட்டியான சிக்மா கப்பாவின் கார்னெல், டஃப்ட்ஸ் பல்கலைக்கழகக் கிளைகள் ஆளுக்கொரு கறுப்பின மாணவியைச் சேர்த்துக்கொண்டன. தேசியத் தலைமை அவ்விரு கிளைகளையும் இடைநீக்கம் செய்தது. சோராரிட்டியின் ஒட்டுமொத்த நன்மைக்காக என்பதற்கு மேல் விளக்கம் எதுவும் தரவில்லை. இளையவர்கள் சேர்க்க விரும்புவதும், மூத்தவர்கள் தடுப்பதும், காரணம் மட்டும் யார் வாயிலும் வராததுமான இந்த வடிவம், விதிகளெல்லாம் நீக்கப்பட்ட பிறகும் அரை நூற்றாண்டு உயிரோடு இருந்தது.

அது எப்படிச் சாத்தியமானது என்று புரிந்துகொள்ள உறுப்பினர் சேர்ப்பு நடக்கும் முறையைப் பார்க்க வேண்டும். ஆகஸ்டில் வகுப்புகள் தொடங்கும் முன் ‘ரஷ்’ நடக்கும். புதிய மாணவியர் ஒவ்வொரு சங்க வீட்டுக்கும் சுற்றுச்சுற்றாகப் போய்ப் பேசுவார்கள்; ஒவ்வொரு சுற்றுக்குப் பின்னும் இரு தரப்பும் தம் விருப்பப் பட்டியலைத் தரும்; இரண்டையும் பொருத்தி, கடைசி நாளில் அழைப்புக் கடிதம் வழங்கப்படும். அதற்கு ‘பிட்’ என்று பெயர். பார்க்க நியாயமான ஏற்பாடுதான். ஆனால் தென்மாநிலங்களில், வீட்டுப் படியேறும் முன்பே அந்தச் சங்கத்தின் பழைய மாணவி ஒருவரிடமிருந்து பரிந்துரைக் கடிதம் போயிருக்க வேண்டும் என்பது வழக்கம். அம்மாவோ பாட்டியோ உறுப்பினராக இருந்திருந்தால் அந்தப் பெண் ‘லெகசி’, அவருக்கு முன்னுரிமை. ஒரு சங்கம் நூறு ஆண்டுகள் வெள்ளைப் பெண்களை மட்டுமே சேர்த்திருந்தால், பரிந்துரைப்பவர் எல்லோரும் வெள்ளையர், லெகசி எல்லோரும் வெள்ளையர். இனம் என்ற சொல்லை எந்தத் தாளிலும் எழுதாமலே கணக்குச் சரியாக வந்துவிடும்.

அலபாமா பல்கலைக்கழகத்தில் இது பளிச்சென்று வெளிப்பட்டது. 1963 ஜூன் 11 அன்று ஆளுநர் ஜார்ஜ் வாலஸ், இரண்டு கறுப்பின மாணவர்கள் பதிவு செய்ய வரும்போது வாசலில் வந்து மறித்து நின்ற அதே வளாகம். 1986இல் ஆல்ஃபா கப்பா ஆல்ஃபாவின் கிளை, வெள்ளைச் சங்கங்களின் மாளிகைகள் வரிசையாக நிற்கும் தெருவில் ஒரு வீட்டுக்குக் குடிவர ஏற்பாடானபோது, அந்த வீட்டுப் புல்வெளியில், கறுப்பினத்தவரை மிரட்டும் பழைய அடையாளமாக, சிலுவை ஒன்று எரிக்கப்பட்டது. 2013 செப்டம்பரில் மாணவர் நாளிதழான ‘கிரிம்சன் வைட்’, ‘கடைசித் தடை’ என்ற தலைப்பில் ஒரு செய்தியை வெளியிட்டது. பள்ளியில் முன்னணி மதிப்பெண் பெற்ற, பல்கலைக்கழக ஆட்சிக்குழுவுடன் குடும்பத் தொடர்பும் கொண்ட ஒரு கறுப்பின மாணவிக்கு எந்த வெள்ளைச் சங்கத்திலிருந்தும் அழைப்பு வரவில்லை. மாணவியருக்கு அவரைச் சேர்ப்பதில் தடையில்லை. வாக்கெடுப்புக்கு வரும் முன்பே பழைய மாணவியர் குறுக்கிட்டுப் பெயரை நீக்கினார்கள் என்று உறுப்பினர்களே பெயர் சொல்லியும் சொல்லாமலும் இதழிடம் பேசினார்கள். பரிந்துரைக் கடிதம் முறைப்படி இல்லை என்பது காட்டப்பட்ட காரணங்களுள் ஒன்று. வாசலில் மறித்து நிற்க இப்போது ஆளுநர் தேவைப்படவில்லை. ஒரு கடிதம் போதுமானதாக இருந்தது.

அடுத்த சில நாட்களில் மாணவர்களும் ஆசிரியர்களும் நிர்வாகக் கட்டடத்துக்கு ஊர்வலம் போனார்கள். பல்கலைக்கழகத் தலைவர் ஜூடி பானர், சேர்க்கையை மீண்டும் திறந்து ஆண்டு முழுதும் அழைப்புகள் வழங்க உத்தரவிட்டார். கறுப்பின மாணவியர் 11 பேருக்கு அழைப்புப் போனது. அவர்களில் சிலர் அதை ஏற்கவில்லை. அவர்கள் ஏன் ஏற்கவில்லை என்று வியந்தவர்கள், செப்டம்பரில் தொலைக்காட்சிக் கேமராக்களுக்கு நடுவே ஒரு வீட்டுக்குள் முதல் ஆளாக நுழைவது எப்படியிருக்கும் என்று யோசித்திருக்க மாட்டார்கள்.

2020இல் ஜார்ஜ் ஃபிளாய்டு கொலைக்குப் பின் எழுந்த அலையில், வாண்டர்பில்ட், டியூக் போன்ற பல்கலைக்கழகங்களில் உறுப்பினர்களே இந்தச் சங்கங்களை ஒழிக்கக் கோரிக் கூட்டங்கூட்டமாக விலகினார்கள். பல தேசியச் சோராரிட்டிகள் லெகசி முன்னுரிமையைக் கைவிட்டன, சில பரிந்துரைக் கடிதக் கட்டாயத்தையும் நீக்கின. இவை வெறும் கண்துடைப்பு அல்ல. இயந்திரத்தின் சரியான இரண்டு பற்சக்கரங்களையே கழற்றியிருக்கிறார்கள். ஆனால் சந்தாவும் ரஷ் வார உடைகளுமே பெருஞ்செலவாக இருக்கும் இடத்தில் பணம் வடிகட்டும் வேலையைத் தொடர்கிறது. மறு ஆண்டே அலபாமாவின் ரஷ் வாரம் டிக்டாக்கில் உலகம் முழுதும் ஓடியது. அன்றைய உடையில் எது எந்தக் கடையில் வாங்கியது என்று ஒவ்வொரு பெண்ணும் கேமராவுக்கு ஒப்பித்த காணொளிகளைப் பார்த்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

கறுப்பினச் சோராரிட்டிகளும் குறையற்றவை அல்ல. ஒரு காலத்தில் தாள்பையின் பழுப்பைவிடத் தோல் கறுத்திருந்தால் சேர்க்கவில்லை என்ற குற்றச்சாட்டு அவற்றைச் சுற்றியும் நெடுங்காலம் வலம் வந்தது. நடுத்தர வர்க்கத்துப் பெண்களின் மேட்டிமை என்ற விமர்சனம் இன்றும் உண்டு. புதிய உறுப்பினர்களை வதைக்கும் வழக்கம் கட்டுமீறியதால், ‘டிவைன் நைன்’ அமைப்புகள் 1990இல் பழைய சேர்க்கைச் சடங்கையே முறைப்படி நிறுத்தின. மறைவில் அது நிற்கவில்லை. இவற்றில் சேர மற்ற இனத்தவருக்குத் தடை கிடையாது, சேர்ந்தவர்களும் இருக்கிறார்கள். அதிபர் ஃபிராங்க்ளின் ரூசவெல்ட்டின் மனைவி எலினோர் ரூசவெல்ட் ஆல்ஃபா கப்பா ஆல்ஃபாவின் கௌரவ உறுப்பினராக இருந்தார்.

எல்லை எங்கே என்ற கேள்வி 2010இல் வேறு விதமாக வந்தது. காலால் தட்டியும் கையால் அடித்தும் தாளமெழுப்பி ஆடும் ‘ஸ்டெப்’, கறுப்பினச் சங்கங்கள் வளர்த்தெடுத்த கலை. அட்லாண்டாவில் ஒரு குளிர்பான நிறுவனம் நடத்திய தேசியப் போட்டியில் ஆர்கன்சாவின் வெள்ளையினச் சோராரிட்டி ஒன்று முதற்பரிசு வென்றது. பெரும் வாக்குவாதம் கிளம்பியது. சில நாட்களில், மதிப்பெண் கூட்டியதில் பிழை என்று சொல்லி, இரண்டாமிடம் வந்த ஆல்ஃபா கப்பா ஆல்ஃபா கிளைக்கும் முதலிடமும் ஒரு இலட்சம் டாலர் உதவித்தொகையும் தந்தார்கள். வென்ற பெண்கள் நன்றாகவே ஆடினார்கள் என்று கறுப்பினத்தவர் பலரே சொன்னார்கள். எங்கள் வீட்டுக்குள் வந்து ஆட அவர்களால் முடிந்தது, அவர்கள் வீட்டுக்குள் போக எங்களால் முடியுமா என்பதுதான் மற்றவர்களின் கேள்வி. அலபாமாச் செய்தி வெளிவர அப்போது இன்னும் மூன்றாண்டுகள் இருந்தன.

கறுப்பு, வெள்ளை என்ற இந்த இரட்டைக் கணக்குக்குள் அடங்காதவர்களும் தனித்தனியே சங்கம் கண்டார்கள்: 1920களின் இறுதியில் கலிஃபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் லாஸ் ஏஞ்சலிஸ் வளாகத்தில் ஜப்பானிய அமெரிக்க மாணவியர், 1975இல் நியூஜெர்சியில் இலத்தீன மாணவியர், 1994இல் வட கரோலினாவில் பூர்வகுடி மாணவியர். 1965க்குப் பின் குடியேறிய தெற்காசியக் குடும்பங்களின் பெண்கள் கல்லூரி வயதை எட்டியிருந்த 1998இன் கடைசி இரண்டு மாதங்களில் மட்டும், ஆஸ்டினிலும் ஹூஸ்டனிலும் நியூயார்க்கிலும், ஒன்றையொன்று சாராமல், மூன்று தெற்காசியச் சோராரிட்டிகள் தோன்றின. சென்னையில் பிறந்த சியாமளா கோபாலனின் மகள் ஹோவார்டில் படித்த காலத்தில் அப்படி ஒன்றும் இருக்கவில்லை. இருந்திருந்தாலும் அவர் அங்கே போயிருப்பார் என்று நான் நினைக்கவில்லை: தம் இரண்டு மகள்களையும் இந்த நாடு கறுப்பினப் பெண்களாகத்தான் பார்க்கும் என்று தெரிந்தே அம்மா வளர்த்தார் என ஹாரிஸ் எழுதியிருக்கிறார்.

2024 ஜூலையில் பைடன் போட்டியிலிருந்து விலகிய மூன்றாம் நாள், ஹாரிஸ் இண்டியானாபோலிசில் ஒரு மேடையேறினார். அது அவருடைய சங்கத்தின் மேடை அல்ல, சீட்டா ஃபை பீட்டாவின் தேசிய மாநாடு. அடுத்த வாரம் ஹூஸ்டனில் சிக்மா காமா ரோவின் கூட்டம். வரிச்சலுகை பெறும் இந்த அமைப்புகள் தேர்தலில் எந்த வேட்பாளரையும் ஆதரிப்பதாக அறிவிப்பதில்லை. எனவே அன்று அரங்கில் யாரும் அப்படி அறிவிக்கவும் இல்லை. வாக்காளர்களைப் பதிவு செய்யும் வேலையை மட்டும், 1913இன் வாக்குரிமைப் பேரணியின் தொடர்ச்சிபோலவே, ஊர் ஊராகச் செய்துகொண்டிருந்தார்கள்.